மஞ்சப்பையில் போன ஆம்ப்யூல்கள்: தரச்சான்று பெற்ற ஒரு மருத்துவமனையில் நடந்த மருந்துப் பிழை

வட சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. மருத்துவமனையோ ஊழியர்களோ நோயாளியோ யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்தையும் அளவையும் நடந்த வரிசையையும் மாற்றவில்லை. நான் அங்கே தர ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ்.

பின்னணி

பிரசவ நர்சிங் ஹோமாக ஆரம்பித்து, மாடி மேல் மாடியாக வளர்ந்து, 85 படுக்கைகளுக்கு வந்த மருத்துவமனை. துறைமுகத்திலும் சந்தையிலும் வேலை செய்கிறவர்கள், சிறு கடைக்காரர்கள், மீனவர் குடும்பங்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டப்படி பதிவு இருந்தது. இந்தப் பதிவு இல்லாமல் மருத்துவமனை நடத்த முடியாது. தரச்சான்று அப்படியல்ல. நாமாக விண்ணப்பித்து, வெளியாட்களை அழைத்து, 'எங்களைச் சோதித்துப் பாருங்கள்' என்று கேட்டு வாங்குவது.

இந்தியாவில் தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் போவது என்.ஏ.பி.எச்.சிடம். இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் 2005-இல் அமைந்த வாரியம் அது. அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் என்.க்யூ.ஏ.எஸ். என்ற தரச்சான்று தனியாக இருக்கிறது. என்.ஏ.பி.எச். தர அளவுகோல் புத்தகத்தில் 10 அத்தியாயங்கள். ஐந்து நோயாளியைச் சுற்றியவை, மீதி ஐந்து நிர்வாகத்தைச் சுற்றியவை.

நாங்கள் விண்ணப்பித்த காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. பணம்தான். கேஷ்லெஸ் வசதி (நோயாளி கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே பில்லைக் கட்டுவது) தரும் மருத்துவமனைகள் என்.ஏ.பி.எச். நுழைவுநிலைச் சான்றாவது என்.க்யூ.ஏ.எஸ். சான்றாவது பெற வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் சொன்னதிலிருந்தே எங்கள் பில்லிங் மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். நோயாளிப் பாதுகாப்பு பற்றி நான் நிர்வாக இயக்குநரான எம்.டி.யிடம் பேசியதெல்லாம் ஒரு பக்கம். கேஷ்லெஸ் இல்லை என்றதும் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டவர்களின் பட்டியலை பில்லிங் மேனேஜர் மேசையில் வைத்த அன்றுதான் ஆலோசகரைக் கூப்பிட்டார்கள்.

ஆலோசகர் பதினான்கு கோப்புகள் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம். ஒன்றில் மூன்று இடத்தில் வேறொரு மருத்துவமனையின் பெயர் அப்படியே இருந்தது. இன்னொன்றில், எங்களிடம் இல்லாத கேத் லேபுக்கு (இதய ரத்தக்குழாய் சிகிச்சைக் கூடம்) விரிவான விதிமுறை. பெயர்களை மாற்றினோம், கேத் லேபை எடுத்தோம், கையெழுத்து வாங்கினோம்.

அந்த ஒரு வருடத்தில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். தீ அவசர வழியில் அடுக்கியிருந்த பழைய கட்டில்கள் போயின. எல்லா நோயாளிக்கும் பெயரும் எண்ணும் உள்ள கைப்பட்டை வந்தது. அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவம் தமிழில் வந்தது. குப்பை நான்கு நிறத்தில் பிரிந்தது. 'எல்லாம் பேப்பர் வேலைம்மா' என்று கை கழுவுகிறவர்களோடு எனக்கு இன்றும் உடன்பாடு கிடையாது. பேப்பரை நம்பி நிஜமாகவே மாறிய இடங்களும் இருந்தன. பேப்பர் மட்டும் மாறிய இடங்களும் இருந்தன. எது எது என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான் பிரச்சினை.

சோதனைக்கு முந்தைய மாலை

மருந்து நிர்வாக அத்தியாயத்தில் ஒரு விஷயம் வருகிறது. அடர் பொட்டாசியம் குளோரைடு போன்ற ஆபத்து மிகுந்த மருந்துகளைச் சாதாரண வார்டில் வைக்கக் கூடாது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் 1998-இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கை மடலே இந்த மருந்தைப் பற்றியதுதான். அவர்கள் பார்த்த 10 மரணங்களில் 8-இல் அடர் திரவம் நேராக நரம்பில் போயிருந்தது. பெரும்பாலும் வேறு மருந்து என்று நினைத்து ஏற்றியிருக்கிறார்கள். நீர்க்க வைத்து மெதுவாக டிரிப்ஸில் போனால் அது சிகிச்சை. அப்படியே ஊசியில் அழுத்தினால் இதயம் நின்றுவிடலாம்.

எங்கள் கோப்பில் இந்த விதி இருந்தது. எல்லா நர்ஸும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டாம் மாடி ஜெனரல் வார்டு மருந்து டிராலியின் கீழ்த் தட்டில் ஒரு கிட்னி ட்ரேயில் (வளைந்த சிறு தட்டு) பொட்டாசியம் ஆம்ப்யூல்களும், அதாவது ஊசி மருந்து அடைத்த சிறு குப்பிகளும், இருந்தன.

ஆய்வாளர்கள் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். முந்தைய மாலை இன்சார்ஜ் சிஸ்டர், 'அக்கா, இதை என்ன பண்றது?' என்று கேட்டார். துணிக்கடையில் கொடுத்த மஞ்சப்பை ஒன்று நர்சிங் ஸ்டேஷனில் கிடந்தது. மூன்று மாடியிலும் இருந்த ஆம்ப்யூல்களை அதில் போட்டு ஃபார்மசியில் கொடுத்து வைத்தோம். எடுத்துக்கொண்டு போனது நான். ஆய்வாளர்கள் கிளம்பிய மறுநாள் பை அதே வழியில் மேலே போனது.

அவர்கள் எழுதிய சில குறைகளைச் சரிசெய்து அனுப்பினோம். சான்றிதழ் வந்தது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டி, கேசரி கொடுத்தோம்.

நிகழ்வு

ஏழு மாதம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு இரவு. வார்டில் 16 நோயாளிகள், இரண்டு நர்ஸ்கள். ஒருவர் படிப்பு முடித்து எட்டு மாதமே ஆனவர். பத்து மணிக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு அட்மிஷன். அதனால் பத்து மணி ஊசி பதினொன்றே முக்காலுக்குத் தள்ளிப் போனது.

நோயாளிக்கு 62 வயது. சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு சேர்ந்தவர். அவருக்கு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கிராம். பொடியாக வரும் மருந்து, 10 மில்லி ஊசித் தண்ணீரில் கலக்கி மெதுவாக ஏற்ற வேண்டும். இளைய நர்ஸ் ட்ரேயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஆம்ப்யூலை எடுத்துக் கழுத்தைத் திருகி உடைத்தார், மருந்தைக் கலக்கினார், கையில் போட்டிருந்த வென்ஃப்ளான் (ஊசிக்குழாய்) வழியாக ஏற்ற ஆரம்பித்தார்.

ஒரு மில்லி போயிருக்கும். 'இன்னாமா இது, கை எரியுது, எடு எடு' என்று அவர் கத்தினார். நர்ஸ் உடனே நிறுத்தினார். வென்ஃப்ளான் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்தார், வீக்கம் இல்லை. அப்புறம் ட்ரேயில் கிடந்த காலி ஆம்ப்யூலை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஊசி முடியும் வரை காலி ஆம்ப்யூலைக் குப்பையில் போடக் கூடாது என்பது கல்லூரியில் அவருக்கு ஒரு டியூட்டர் பழக்கிய பழக்கம். தண்ணீர் இல்லை. பொட்டாசியம் குளோரைடு (கே.சி.எல்.), 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலன்ட் என்ற அடர் திரவம்.

டியூட்டி டாக்டர் இரண்டு நிமிடத்தில் வந்தார். ஈ.சி.ஜி. எடுத்து, மானிட்டர் மாட்டி, பொட்டாசியம் ஏறினால் இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுகோனேட்டைத் தயாராக வைத்து, ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். ஈ.சி.ஜி.யில் மாற்றமில்லை. சேரும்போது 4.0 இருந்த ரத்தப் பொட்டாசியம் 4.3, இயல்பான அளவுதான். விடிந்து மதியம் வரை பார்த்துவிட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். எரிச்சல் மட்டும் இரண்டு நாள் இருந்தது. முழு பத்து மில்லியும் போயிருந்தால் இதை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

அதிகாலை நாலு மணிக்கு அந்த நர்ஸ் நிகழ்வுப் படிவத்தை எடுத்திருக்கிறார். இரண்டு பக்கம், ஆங்கிலம், கட்டம் கட்டமாக. பெயரும் தேதியும் எழுதியதோடு நிறுத்திவிட்டு, பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தார்: 'வாட்டர் என்று நினைத்து கே.சி.எல். எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே ட்ரேயில் இருந்தன. ஒரே மாதிரி இருக்கின்றன.' தேவையானது எல்லாம் அந்த மூன்று வரியில் இருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

காலை ஒன்பது மணிக்கு எம்.டி. அறையில் உட்கார்ந்தோம். முதல் கேள்வி, நோயாளியிடம் சொல்வதா. கை எரிந்தது மருந்தின் தன்மை என்று சொல்லிவிடலாம் என ஒருவர் சொன்னார். பொது மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. 'ஐ.சி.யூ.வுக்கு ஏன் போனோம்னு அவர் கேட்பார், நான் என்ன சொல்றது?' என்றார். அவரே ரவுண்ட்ஸில் நோயாளியையும் மகளையும் உட்காரவைத்து, எந்த மருந்து, எவ்வளவு, என்ன ஆகியிருக்கலாம், என்ன செய்தோம் என்று சொன்னார். மகள் நியாயமாகவே சத்தம் போட்டார். ஐ.சி.யூ. கட்டணம் எடுக்கவில்லை. 'பக்கத்து பெட்காரருக்கு நாளைக்கு நடக்காதுன்னு யாரு சொல்றது?' என்று மகள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. பெரியவர் இரண்டு நாள் அந்த சிஸ்டர் கையால் ஊசி வேண்டாம் என்றார்; ஆள் மாற்றினோம். மூன்றாம் நாள் ரத்தம் எடுக்க அவரையே விட்டார்.

இரண்டாவது கேள்வி, நர்ஸை என்ன செய்வது. நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மெமோ கொடுக்க வேண்டும் என்றார். 'கொடுத்தாத்தான் மத்த பிள்ளைங்களுக்குப் பயம் இருக்கும்' என்றார். அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருடம் அப்படித்தான் வார்டு நடத்தியிருக்கிறார். நான் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். பதினொரு மாதத்தில் இரண்டே பதிவு: ஒருவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது, ஒரு சக்கர நாற்காலி உடைந்தது. மருந்துப் பிழை என்ற இடத்தில் மாதா மாதம் 'இல்லை'. 85 படுக்கை மருத்துவமனையில் பதினொரு மாதம் ஒரு டோஸ்கூட தவறவில்லையாம். 'அந்தப் பயம் ஏற்கெனவே இருக்கு மேடம், அதான் இது காலியா இருக்கு' என்றேன்.

அப்புறம் மஞ்சப்பை விஷயத்தைச் சொன்னேன். எம்.டி. கொஞ்ச நேரம் பேசவில்லை. 'யார் எடுத்துட்டுப் போனது?' என்றார். 'நான்தான் சார்.' சரி, அப்படியானால் மெமோ யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸுக்கு மெமோ இல்லை என்று முடிவானது. அவர் தானாக எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தக் கூட்டமே நடந்திருக்காது என்பதைக் கடைசியில் சூப்பரின்டெண்டென்ட்டும் ஏற்றார். முழு மனதோடு அல்ல.

தேடியதில் கிடைத்தவை

மூன்று நாள் தேடினோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் யாரும் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை.

இரண்டு மாதம் முன்பு வரை எங்களுக்கு வந்த பொட்டாசியம் கண்ணாடி ஆம்ப்யூல். சப்ளையர் மாறியதும் பிளாஸ்டிக்காக வந்தது. ஊசித் தண்ணீரும் பிளாஸ்டிக், அதுவும் 10 மில்லி. உயரம் ஒன்று, தலைப்பகுதி ஒன்று, உள்ளே இரண்டும் நிறமில்லாத திரவம். எழுத்து மட்டும்தான் வேறு, அதுவும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில். வாங்கியவர் விலையைப் பார்த்தார். ஒரே மாதிரி தோன்றும் மருந்துகளின் பட்டியல் ஒன்று எங்கள் கோப்பில் உண்டு. வாங்கும் பிரிவுக்கு அந்தக் கோப்பு போனதே இல்லை.

வார்டில் ஏன் வைத்திருந்தார்கள்? இரவில் ஃபார்மசியில் ஒரே ஆள். பில் போட்டு, எடுத்து, மேலே அனுப்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். லிஃப்ட் நின்றால் இன்னும் கூட. பொட்டாசியம் குறைந்த நோயாளிக்கு டாக்டர் எழுதினால், 'இன்னுமா போடல?' என்ற கேள்வி நர்ஸுக்குத்தான் வரும். நானும் வார்டில் இருந்த காலத்தில் கையிருப்பு வைத்திருந்தவள்தான். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர் ஒரு இரவு அந்த வார்டில் நிற்க வேண்டும்.

எம்.டி.க்கு இது முழுசாகப் பிடிபடவில்லை. லேபிள் பார்த்து எடுக்க வேண்டியதுதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு ராத்திரி வார்டுக்கு வரச் சொன்னோம். டிராலிக்கு மேலே இருந்த டியூப்லைட் ஒரு முனை கறுத்துப் போய் மினுக்கிக்கொண்டிருந்தது. ட்ரேயில் இரண்டு வகையையும் கலந்து வைத்து, 'சார், பத்து செகண்டில் மூணு வாட்டர் எடுங்க' என்றோம். எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்து படித்துப் பார்த்தார். மூன்றில் ஒன்று பொட்டாசியம். ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் ட்ரேயில் வைத்துவிட்டு, அந்த டியூப்லைட்டை முதலில் மாற்றச் சொன்னார்.

செய்த மாற்றங்கள்

ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் தவிர எல்லா இடத்திலிருந்தும் பொட்டாசியத்தை எடுத்தோம். அந்த இரண்டு இடத்திலும் பூட்டிய பெட்டி, எடுக்கும்போது இருவர் பார்வை. வார்டு நோயாளிக்குத் தேவைப்பட்டால் அவர் பெயருக்கு மட்டும், சிவப்பு ஸ்டிக்கரோடு ஃபார்மசி தரும். மிச்சம் வார்டில் தங்காது. இரவு ஃபார்மசிக்கு இன்னொரு ஆள் போட்டார்கள். விதியைவிட அந்த ஒரு ஆளின் சம்பளம்தான் இதை நடத்தியது என்பது என் கருத்து. பொட்டாசியத்துக்குப் பழைய கண்ணாடி ஆம்ப்யூலே திரும்ப வந்தது. கொஞ்சம் விலை கூடுதல்.

நிகழ்வுப் படிவத்தை அரைப் பக்கத் தமிழாக்கினோம். என்ன நடந்தது, எங்கே, எப்போது, மறுபடி நடக்காமல் இருக்க உங்களுக்குத் தோன்றுவது என்ன. பெயர் எழுதுவது விருப்பம். வெள்ளிக்கிழமை மதியம் கால் மணி நேரம் வந்த படிவங்களை வாசிப்போம். ஆயாம்மாக்களும் வரலாம். முதல் இரண்டு வாரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது வாரம் சூப்பரின்டெண்டென்ட் மேடம் தானே ஒன்று எழுதினார்: ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள், ரத்த மாதிரி மாறப் பார்த்தது, தானே கவனிக்காமல் கையெழுத்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தன.

பின்னர் நடந்தவை

ஆறு மாதத்தில் அறுபதுக்கு மேல் படிவங்கள். எம்.டி.க்குக் கலக்கம். 'சர்டிஃபிகேட் வாங்கினதுக்கு அப்புறம் தப்பு ஜாஸ்தியாகுதா?' என்று கேட்டார். தப்பு முன்பும் இருந்தது, இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று சொல்வது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். படிவங்களைப் பிரித்துக் காட்டினோம். பாதிக்கு மேல் நோயாளியைத் தொடும் முன்பே பிடித்தவை.

இடைக்காலக் கண்காணிப்பு ஆய்வு நெருங்கியது. பதிவேட்டைக் காட்டினால் சான்று போய்விடும் என்று பில்லிங் மேனேஜர் பயந்தார். பழைய படிவங்கள் கொஞ்சத்தை ஒதுக்கி வைக்கலாமா என்ற யோசனையும் வந்தது. இந்த முறை பை எடுக்கவில்லை. முந்தைய ஆய்வின்போது ஆம்ப்யூல்களை மறைத்ததையும் பொட்டாசியம் நிகழ்வின் அறிக்கையிலேயே எழுதி வைத்திருந்தோம். ஆய்வாளர் அந்தப் பதிவேட்டோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். நிறையக் கேட்டார், மறைத்த விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே. ஆனால் அவர் குறை எழுதியது வேறு இடத்தில். மருந்து ஃபிரிட்ஜ் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் ஒரு மாதம் முழுக்க, காலை மாலை, 4.0, 4.0, 4.0. ஒரே பேனா, ஒரே சாய்வு. 'இந்த ஃபிரிட்ஜ் எங்க வாங்கினீங்க, எனக்கும் ஒண்ணு வேணும்' என்றார்.

தரச்சான்று சரியான கேள்வியைக் கேட்டதை நாங்கள் இரண்டு தடவை பார்த்தோம். முதல் தடவை அதை ஏமாற்றினோம். இரண்டாவது தடவை ஃபிரிட்ஜில் மாட்டிக்கொண்டோம்.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

ஆலோசகரின் கோப்புகளை வாங்க மாட்டோம். வார்டு வார்டாகப் போய், அலமாரியைத் திறந்து, இருப்பதை எழுதி, அதிலிருந்து விதியை எழுதுவோம், தமிழில். எந்த விதிக்கும் 'இரவு இரண்டு மணிக்கு இது நடக்குமா?' என்று இரவு நர்ஸிடம் கேட்காமல் கையெழுத்து வாங்க மாட்டோம். மருந்தின் உருவம் மாறும்போதெல்லாம் வாங்கும் பிரிவு வார்டுக்கு ஒரு மாதிரி அனுப்ப வேண்டும். இது இப்போது நடக்கிறது, ஆனால் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

மாற்ற முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். அந்த வார்டில் இரவில் இன்றும் இரண்டு நர்ஸ்கள்தான். ஆள் எடுத்தால் நிற்பதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வளைகுடாவோ இங்கிலாந்தோ. படிவத்தின் பின்பக்கம் எழுதிய அந்த நர்ஸும் அடுத்த வருடம் போய்விட்டார். போகும் முன் ஆறு மாதம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அவர்தான் டிராலியைக் காட்டிக்கொண்டிருந்தார், தன் கதையையும் சேர்த்து.

போன மாதம் பிரசவ வார்டு மேசை டிராயரில் இரண்டு பொட்டாசியம் ஆம்ப்யூல்கள் கிடைத்தன. பிளாஸ்டிக். எங்கள் ஃபார்மசி வாங்கிய வகை இல்லை. வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட ஒரு நோயாளியோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். டிராயரைத் துடைத்த ஆயாம்மா வேறொருவரை எழுத வைத்துப் படிவம் கொடுத்திருக்கிறார், தன் கைநாட்டோடு. எப்படி வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.